தெருப் பெயரோடு வாசித்த ஓலை

அருள்,

நீ போனை எடுக்கவில்லை. முதல் ஓலை வாசித்த அன்று மட்டும் எடுத்தாய். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். போனை வைத்தால் பேச்சு நின்றுபோகும் என்று உனக்கு யார் சொன்னது? வாழை மண்டிக்காரி நான். லாரிக்காரன், சுமைக்காரர், நல்ல வாழைத்தாரைக் குறைசொல்லி விலையை இறக்கப் பார்க்கிற வியாபாரி என்று காந்தி மார்க்கெட்டில் எல்லோரிடமும் பேசித் தழும்பேறிய வாய் இது. கேட்க ஆளில்லை என்றால் எழுதிவிட்டுப் போகிறேன். தாளின் தலையில் வழக்கம்போலச் சிலுவை போட்டிருக்கிறேன். அதை வைத்து நான் சாந்தமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கோபமாகத்தான் இருக்கிறேன். பெரிய கோபம் ஊர்மேல், சின்னக் கோபம் உன்மேல்.

நடந்ததை உன் பெரியப்பா உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதனால் நான் முதலிலிருந்து சொல்கிறேன். நம் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னாரைக் கட்டப்போகிறான், தடை ஏதும் இருந்தால் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று சபை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பது. மற்ற ஊர்களில் பெயரையும் பங்கையும் சொல்வதோடு சரி. நம் கோயிலில் மட்டும் பெயருக்கு முன்னால் தெருவையும் சேர்த்து வாசிக்கிற பழக்கம் எந்தக் காலத்திலோ ஏற்பட்டு, இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டுத் தெரு என்றால் நாம். காளவாய்த் தெரு என்றால் ரெஜினா வீட்டார், தலித் கிறிஸ்தவர்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. இது கோயிலுக்கு வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது நீயும் ரெஜினாவும் கல்யாண வகுப்பு முடித்து, சாமியாரிடம் செப மந்திரங்களை ஒப்பித்து, ஓலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெங்களூருக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு உன் பெரியப்பா உனக்குப் போன் போட்டுக் கத்தினார். உடனே நீ எனக்குச் செய்தி அனுப்பினாய்: "அம்மா, கோயில் வேணாம். இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். உங்களுக்குத் தொல்லை வரக் கூடாது." படித்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் பிள்ளை எனக்குப் பரிதாபப்படுகிறான் என்று இருந்தது. என் தொல்லையை நீ எப்போது அளந்து பார்த்தாய்? என்னைக் கேட்டாயா? உன் அப்பா போன பிறகு அந்த மண்டியைத் தூக்கி நிறுத்தியவள் நான். மேட்டுத் தெருக்காரர்களின் முகச்சுளிப்புக்குப் பயந்தா பிள்ளையின் கல்யாணத்தை ஒளித்து வைப்பேன்? நீ சொன்னதைச் சாமியாரிடம் நான் சொல்லவே இல்லை. "வாசிங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சாமியார் நல்லவர், சின்ன வயசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, தெருப் பேரை மட்டும் விட்டுடலாமே? பேரும் பங்கும் போதும். சட்டப்படி ஒண்ணும் குறைவு இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா எல்லாருக்கும் வாசிச்சீங்க. எம் புள்ளைக்கு மட்டும் என்ன சாமி, அவன் தெருவுல பொறக்கலையா? ரெண்டு தெருவையும் நல்லா நிறுத்தி வாசிங்க. மைக்கைக் கிட்டத்துல வச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்தார். பயந்துகொண்டேதான் சிரித்தார்.

வாசித்தார். 'மேட்டுத் தெரு' என்றபோது யாரும் அசையவில்லை. 'காளவாய்த் தெரு' என்றபோது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு மார்பு நிமிர்ந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு நிமிஷமாவது மூடவைத்தேன் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் உன் பெரியப்பா நேரே சாமியார் பங்களாவுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைக் கோயில்பிள்ளை, அதுதான் நம் மணியடிக்கிற மரியதாஸ், மண்டிக்கே வந்து சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "இந்த ஓலைக்குத் தடை இருக்கு சாமி" என்றாராம் உன் பெரியப்பா. சாமியார் பொறுமையாகக் கேட்டாராம்: "பையனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்குங்களா?" இல்லை. "பொண்ணுக்கு?" இல்லை. "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?" இல்லை. "அப்ப ரெண்டு குடும்பத்துக்கும் ரத்த உறவு ஏதாச்சும் உண்டா? அது நிச்சயமா தடைதான். இருந்தாச் சொல்லுங்க, இப்பவே நிறுத்திடுறேன்." உன் பெரியப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். "ஐயையோ! என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்டீங்க? அவங்களுக்கும் எங்களுக்குமா? ரத்த உறவா? சத்தியமா இல்ல!" சாமியார், "ரொம்ப நல்லது, தடை இல்லைன்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். கல்யாணத்தை நிறுத்த அவருக்கு இருந்த ஒரே வழி, காளவாய்த் தெரு நமக்குச் சொந்தம் என்று ஒரு பொய் சொல்வது. அந்தப் பொய்யைச் சொல்ல அவர் நாக்கு வரவில்லை. பாவம் மனுஷன்.

பெரியப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன? நம் கோயிலின் கதையே இதுதான். ஜூபிலி மலர் போட்டார்களே, வழவழ தாளில், அதில் என்ன எழுதியிருக்கிறது? கீற்றுக் கொட்டகையாக இருந்தது. காவி உடுத்திய வெளிநாட்டுச் சாமியார் வந்தார். கோவா சாமியாருக்கும் பிரெஞ்சு சாமியாருக்கும் இந்தக் கோயில் யாருக்கு என்று வழக்கு நடந்தது. பிறகு எல்லோரும் ஒருதாய் மக்களாகக் கூடி இரட்டைக் கோபுரம் எழுப்பினார்கள். ஆயர் இங்கே நாற்காலி போட்டு அமர்ந்ததால் பேராலயம் ஆயிற்று. பின்னாளில் 'நிர்வாக வசதி கருதி' ஆயர் வேறு கோயிலுக்கு இடம் பெயர்ந்தார். அவ்வளவுதான். ஒருதாய் மக்களாம்! அந்தத் தாய்க்கே சிரிப்பு வந்திருக்கும்.

மலரில் இல்லாததை நான் சொல்கிறேன், கேள். இந்தச் சுவருக்கான சுண்ணாம்பு காளவாய்த் தெருவில் வெந்தது. அந்தத் தெருவுக்கே சூளையை வைத்துத்தான் பெயர். கல்லைச் சுட்டு, நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்துத் தலையில் சுமந்து கோபுரத்துக்கு ஏற்றியவர்கள் அவர்கள். கோயில் சிலுவை வடிவத்தில் இருக்கிறதல்லவா, அதன் தெற்குக் கையில் ஒரு இரும்புக் கிராதி போட்டு, அதற்குப் பின்னால் அவர்களை உட்காரவைத்தோம். நற்கருணையும் கடைசியில்தான். ஒரு ஆயர் வந்தார், கிராதியைப் பிடுங்கு என்றார். நம் தெரு கொதித்துப்போனது. பூசைக்கு வருவதை நிறுத்தினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். கிராதி போனால் நாங்கள் வேதம் மாறிவிடுவோம் என்று மிரட்டினார்கள். மோட்சத்தைவிட இரும்புக் கம்பி பெரிதாகத் தெரிந்திருக்கிறது! ஆயர் அசையவில்லை. கிராதியைப் பிடுங்கிவிட்டு, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேராலயம் என்ற பட்டம் போனது அதனால்தான். நிர்வாக வசதியாம், நிர்வாக வசதி!

அந்தக் கிராதி எங்கே போனது என்று நீ கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம். உன் பெரியப்பா வீட்டு முன்புறத்தில் இருக்கிறதே, மேலே அம்புமுனை வைத்தது, நீ சின்ன வயசில் ஏறி முழங்காலைக் கிழித்துக்கொண்டது, அதுதான். வழக்கில் முன்னால் நின்றவர் உன் அப்பாவின் தாத்தா. தோற்ற பிறகு வண்டி வைத்துக் கொண்டுவந்து வீட்டில் மாட்டிவிட்டார். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பது இந்தக் குடும்பத்து மருமகள்களின் வேலை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நானும் அடித்தேன். "கோயில் கம்பி, பாத்து அடி" என்று உன் அப்பா சொன்னார். ஏதோ புண்ணியப் பொருள் என்று நினைத்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடித்தேன். விவரம் தெரிந்த பிறகு பிரஷ்ஷைக் கையால் தொடவில்லை. ஆனால் ஏன் தொடவில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை, முதுகு வலி என்றேன்.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ அவரைப் போலவே இருக்கிறாய், அதனால்தான். திருவிழாவில் மாதா சப்பரம் மேட்டுத் தெரு முழுக்க வந்து, காளவாய்த் தெரு முனையில் திரும்பிவிடும். ஒரு வருஷம், இந்தமுறை உள்ளே வரும் என்று பங்குச்சாமியார் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாசலுக்கு வாசல் மெழுகுவத்தி ஏற்றிப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுக் காத்திருந்தார்கள். சப்பரத்துக்கு முன்னால் விளக்குப் பிடித்து நடந்தவர் உன் அப்பா. முனைக்கு வந்ததும் நம் ஆட்கள், "கரண்டு கம்பி தாழ்வா இருக்கு, மாதா கிரீடம் இடிக்கும்" என்றார்கள். சப்பரம் திரும்பியது. உன் அப்பா விளக்கோடு கூடவே திரும்பினார். வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன். "நேத்துத்தானே அந்தத் தெருவுல வைக்கோல் லாரி போச்சு. வைக்கோலுக்கு இடிக்காத கம்பி மாதாவுக்கு மட்டும் எப்படிங்க இடிக்கும்?" அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "விடு, சமாதானமா போயிடுச்சுல்ல" என்றார். அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷர். ஸ்ரீரங்கத்துத் தோப்புக்காரர்கள் இன்றும் பாலத்தைத் தாண்டி நம் மண்டிக்கே தார் கொண்டுவருகிறார்கள் என்றால் அவர் சம்பாதித்த நல்ல பெயர்தான். ஆனால் அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகள் புதுச்சட்டையோடு நின்றது கண்ணிலேயே நின்றது. அதில் ஒன்று ரெஜினாவாகக்கூட இருந்திருக்கலாம். சமாதானம், சமாதானம் என்று சொல்லும்போதெல்லாம், யார் வாயை அடைத்து அந்தச் சமாதானம் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள், அருள். பெங்களூரில் ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்வதும் எனக்கு அப்படிப்பட்ட சமாதானமாகத்தான் பட்டது.

இதுவரை நான் சொன்னதில் நான்தான் பெரிய வீராங்கனை, இல்லையா? இனிமேல் சொல்வதையும் கேட்டுக்கொள். முதல் ஓலைக்கு மறுநாள் சாயங்காலம், ஒரு சீப்பு பூவன் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு செசிலி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரெஜினாவின் அம்மா தலைமை ஆசிரியை என்று உனக்குத் தெரியும். திருவெறும்பூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் பழத்தைத் தொடவே இல்லை.

"தெருப் பேரை வாசிக்கச் சொன்னது நீங்கதானாங்க?"

"ஆமா டீச்சர். சாமியார் விட்டுடலாம்னாரு. நான்தான் விடக் கூடாதுன்னுட்டேன்."

"எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. நான் அவர்களுக்காகத்தானே செய்தேன்? அவர் குரலை உயர்த்தாமல், வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். "நான் வேலைக்கு மனு போட்ட காலத்துலேருந்து இந்தத் தெருப் பேரை எழுதினதில்ல. கோயில் பின்புறம்னு எழுதுவேன். கேஸ் கனெக்‌ஷனுக்கும் அப்படித்தான், ரெஜினா ஸ்கூல்ல சேரும்போதும் அப்படித்தான். ஒளியிறதுக்கு இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி மாறுறதைப் பாத்துக்கிட்டே இருக்க முடியல. நேத்துப் பூசை முடிஞ்சு வெளிய வரும்போது உங்க தெருப் பசங்க விசிலடிச்சாங்க. என் வீட்டுக்காரர் கிட்ட ஒருத்தன், 'என்ன, சுண்ணாம்பு மேட்டுக்கு ஏறுதாமே'ன்னு கேட்டான். அவரு ராத்திரியெல்லாம் தூங்கல. நீங்க ஒரு நாள் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நாங்க அந்தப் பேரோடயே இருக்கணும்."

அருள், எனக்கு வாயடைத்துப் போனது. மார்க்கெட்டில் யாராலும் முடியாத காரியம் அது. ஆழம் தெரியாமல் காலை விட்டது மட்டுமில்லை, அடுத்தவர் காலையும் சேர்த்து விட்டிருக்கிறேன். என்னைக் கேட்டாயா என்று உன்மேல் கோபப்பட்டேனே, நான் மட்டும் யாரைக் கேட்டேன்? "தப்புத்தான் டீச்சர், மன்னிச்சிடுங்க" என்றேன். இரண்டு முறை சொன்னேன். "இப்பவே போய்ச் சாமியார்கிட்ட அடுத்த ஓலையில எடுத்துடச் சொல்லிடுறேன்" என்று எழுந்தேன்.

அவர் கையமர்த்தினார். பிறகு சொன்னார்: "வேணாம். ஒரு தடவ வாசிச்சாச்சு. இப்ப எடுத்தா, பயந்து எடுத்தாங்கன்னு ஆயிடும். அவங்க பயத்தையும் நாங்க பயந்ததா ஆக்கிடுவாங்க. வாசிக்கட்டும். நான் நிமிந்துதான் உக்காந்திருப்பேன். ஆனா உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்து வாசிக்கும்போது நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"எப்பவும் உக்காருற இடத்துலதான், வடக்குப் பக்கம்."

"அதான் கேட்டேன்" என்றார்.

கிராதியைப் பிடுங்கி எத்தனை தலைமுறை ஆயிற்று. கோர்ட்டு, ஆயர், வழக்கு எல்லாம் கதையாகிவிட்டது. இன்றும் மேட்டுத் தெரு வடக்கே, காளவாய்த் தெரு தெற்கே. யாரும் சொல்வதில்லை, யாரும் தடுப்பதில்லை. கால் தானாகப் போய் அங்கங்கே உட்கார்ந்துகொள்கிறது. என் காலும்தான். மைக்கைக் கிட்டத்தில் வைக்கச் சொன்ன எனக்கு, பத்தடி தள்ளி உட்காரத் தோன்றவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. என்மேலேயே வந்த ஆத்திரம் அது.

இன்று காலை இரண்டாவது ஓலை. கோயிலுக்குள் நுழைந்தேன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், நேரே தெற்குக் கைக்கு நடந்தேன். உன் பெரியப்பா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். நம் தெருப் பெண்களில் ஒருத்தி, "இந்தாங்க, எங்க போறீங்க? இடம் இங்க இருக்கு" என்றாள். "தெரியுது" என்றேன். செசிலி டீச்சர் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார். என் முழங்கால் மடங்காது, உனக்குத் தெரியும். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பீடம் பாதிதான் தெரிகிறது, தூண் மறைக்கிறது. இத்தனை காலம் இவர்கள் பாதிப் பூசைதான் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஓலை வாசித்தார்கள். தெருப் பெயர் வந்தது. டீச்சர் நிமிர்ந்திருந்தார், அவர் கை மட்டும் என் கையைப் பிடித்திருந்தது. ரொம்ப இறுக்கமாக. தடை இருந்தால் சொல்லுங்கள் என்றபோது யாரும் இருமக்கூட இல்லை.

வெளியே வந்ததும் உன் பெரியப்பா வழிமறித்தார். "இனி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வர மாட்டான், பாத்துக்க" என்றார். "நல்லதுக்குக் கூப்பிட ஆள் கிடைச்சுட்டாங்க அத்தான். கெட்டதுக்கு நீங்க வந்தாலும் வராட்டாலும் எனக்குத் தெரியவா போகுது?" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. "வாங்க சம்பந்தி, வெயில் ஏறுது" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்னும் ஒரு ஓலை பாக்கி, வரும் ஞாயிறு. கேட்காமல் செய்வதில் நான் பட்டது போதும், அதனால் உங்கள் இருவரையும் இப்போது கேட்கிறேன். நீயும் ரெஜினாவும் பேசி முடிவு சொல்லுங்கள். கோயில் வேண்டாம், பெங்களூரிலேயே போதும் என்று ரெஜினா சொன்னால் சொல்லட்டும். விசில் சத்தம் அவளுக்குத்தான் கேட்கும், உனக்கும் எனக்கும் இல்லை. அப்படியென்றால் நானே போய் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெங்களூருக்கு டிக்கெட் எடுத்து வருகிறேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. என்னைக் காப்பாற்றுவதற்காக என்று மட்டும் சொல்லிவிடாதே. வருவதாக இருந்தால் சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று, அருள். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கல்யாணம் இங்கே நடந்தாலும் சரி, அங்கே நடந்தாலும் சரி, இனி ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்னைத் தேடுகிறவர்கள் தெற்குப் பக்கம் தேடட்டும். பாதி பீடம் தெரிந்தால் எனக்குப் போதும். அந்த இடத்திலிருந்து என்னை எழுந்திருக்கச் சொல்ல உன் பெரியப்பாவாலும் முடியாது, உன்னாலும் முடியாது.

அம்மா